குமுளியிலிருந்து ஒரு நேயர்

காலையில் போனைத் திறந்தால் ஒரு ரோஜாப்பூ. பூவுக்குக் கீழே ஒரு புத்திமதி. அறுபதைத் தொட்டவர்கள் வீட்டுக்குள்ளேயே சந்தோஷத்தைத் தேடிக்கொள்ள வேண்டுமாம். குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்க வேண்டுமாம், ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் கூட்டத்தில் யார் இதை அனுப்பினாலும் பதினைந்து பேர் கைகூப்பிப் பதில் போடுகிறீர்கள். நான் மட்டும் வாய் திறப்பதில்லை என்று போன வாரம் ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள். கர்வம் இல்லை, தாயே. வீட்டுக்குள்ளேயே சந்தோஷமாக இருந்த ஒரு மனுஷியை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் எப்படிப் போனது என்றும் எனக்குத் தெரியும். போக்கடித்தவள் நான்தான். அதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பூ அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்போது எனக்குப் பத்து வயது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய ஊர். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு போகம் விளையும் வயல் இருந்தது. பக்கத்து வீடு அய்யாவின் அண்ணன் வீடு, எங்களுக்குப் பெரியய்யா. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் என்ன விதைப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது என்பதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தீர்மானிப்பார்கள். அய்யா தலையை ஆட்டுவார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ரேடியோவை அய்யா வாங்கியது விவசாயச் செய்தி கேட்க. வந்த மூன்றாம் நாளே அம்மா அதைப் பறித்துக்கொண்டாள். இப்போதைய சாமான் மாதிரி தட்டினவுடன் பேசாது அது. குமிழைத் திருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே சூடேறும், தூசி கருகுகிற வாசனை வரும், முகப்பில் ஒரு பச்சைக் கண் மெல்ல விரியும், பிறகு இரைச்சல் வரும். அந்த இரைச்சலுக்குப் பின்னால் எங்கேயோ பாட்டு இருக்கும். அம்மா குமிழில் இரண்டு விரலை வைத்து, காதைச் சாய்த்து, குழந்தைக்குப் பேன் பார்க்கிற பொறுமையோடு அதைத் தேடிப் பிடிப்பாள். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற நிலையம் அது. எங்கள் வீட்டில் அக்கரை ஸ்டேஷன் என்போம். மேற்கே மலை மறைத்தாலும் அது மட்டும் எங்கள் ஊருக்குத் தெளிவாக வந்துவிடும்.

ரேடியோவுக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் ஒயரில் ஓர் உறை பின்னியிருந்தாள். கூடை பின்னுகிற ஒயர்தான். பச்சைக் கண் தெரிவதற்கு மட்டும் சரியாக ஓர் ஓட்டை. சோறு வடிப்பது ஒரு நிகழ்ச்சிக்கு, துணி மடிப்பது ஒரு நிகழ்ச்சிக்கு, எனக்குத் தலைசீவுவது ஒரு நிகழ்ச்சிக்கு. மனத்துக்குப் பிடித்த பாட்டு வந்துவிட்டால் கரண்டி அப்படியே நின்றுபோகும். குழம்பு அடிப்பிடித்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் நல்ல பாட்டு வந்த நாள். அய்யா தட்டைப் பார்த்து, “இன்னைக்கு என்ன பாட்டு?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தீய்ந்ததைச் சாப்பிடுவார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பாட்டைச் சொல்வாள். அதைப்போல ஒரு சிரிப்பு எங்கள் வீட்டில் அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

ஞாயிறு மத்தியானம்தான் பெரிய திருவிழா. நேயர்கள் தபால் அட்டையில் பாட்டுக் கேட்டு எழுதுவார்கள். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஊரையும் பேரையும் வரிசையாக வாசிப்பார். நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்தக் குரலில் நம் ஊர்ப்பேர் வந்தால் தெருவே நிமிர்ந்து உட்காரும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பாட்டின் முதல் வரி, ஊர், என் பேர், தம்பி பேர், கடைசியில் அவள் பேர். கடலுக்கு அந்தப் பக்கம் நேரே எழுத வேண்டியதில்லை, மெட்ராஸில் ஒரு முகவரி உண்டு. எழுதின அட்டையை அவள் வாங்கி ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் தபால் பெட்டியில் போட வேண்டும்.

முதல் தடவை எங்கள் பேர் வந்தபோது பெரியய்யா மகள், எனக்கு அக்கா, உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, உலகம் முழுக்கத் தெரியும். மற்றவர்கள் வரிசையில் எத்தனை ஊர் வருகிறது, கம்பத்தில் ஒரு மாமா, போடியில் ஒரு அத்தை, உங்களுக்கு வெளியூரில் நாதியே இல்லையா என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த அட்டை எழுதி, அம்மா பார்த்துக் கொடுத்து, நான் தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டேன். அப்போது மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஒன்று ரோட்டோரம் நின்றது. பின்னால் ஓர் ஆண்பேர் எழுதியிருந்தது. முதலாளி பேரோ, அவர் பிள்ளை பேரோ, சாமி பேரோ. எதிரே வந்த பஸ்ஸில் குமுளி என்று பலகை. பையிலிருந்து பேனாவை எடுத்து, பெட்டியின் தலைமேலேயே அட்டையை வைத்து, அம்மா பேருக்கு அடுத்தபடி குமுளி என்று போட்டு அந்தப் பேரையும் எழுதினேன். அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. நிஜமாகவே யாராவது இருந்து தொலைத்தால்?

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. அறிவிப்பாளருக்கு நேரமில்லையோ என்னவோ, எங்கள் இரண்டு பேர் பேரையும் விட்டுவிட்டார். அம்மா பேர், ஒரு மூச்சு, குமுளியிலிருந்து அந்தப் பேர், பிறகு பாட்டு. அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே திரும்பினாள்.

“குமுளில ஒருத்தருக்கும் இதே பாட்டுப் பிடிச்சிருக்கு பாரு ஆத்தா” என்றாள்.

அந்த முகத்தை எப்படிச் சொல்வது. அவளுக்குப் பதினேழு வயதில் கல்யாணம். அதற்கப்புறம் அவளுக்குப் பிடித்தது என்று ஒன்று இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. அதே ஒன்று இன்னொருவருக்கும் பிடித்திருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய செய்தி. நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பாட்டு முடிகிறவரை புளித்தண்ணீரிலேயே கையை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் போய்விடும் என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்த அட்டையிலும் எழுதினேன். அதற்கடுத்ததிலும் எழுதினேன். மொத்தம் நாலு அட்டை. அம்மா ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ரேடியோ முன்னால் உட்காரத் தொடங்கினாள். குமுளியில் இந்நேரம் பனி இறங்கியிருக்குமா, அங்கே வெயிலே அடிக்காதாமே என்று அய்யாவிடமே கேட்டாள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள்தான் அப்படிக் கேட்பாள். அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் தடவை வந்தபோது ஊர் காதைத் தீட்டியது. மூன்றாம் தடவைக்கு ஊர் வாய் திறந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஒரே பாட்டு, இரண்டு பேர், ஒட்டினாற்போல. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிவைத்துக்கொண்டு தனித்தனி அட்டை போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுத வராது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அட்டையை எழுதுவது யார் என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் போதும். பத்து வயதுப் பெண்பிள்ளையிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள் அய்யா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கேயோ போனார். பொழுது சாயத்தான் திரும்பினார். சட்டை நனைந்திருந்தது, எங்கள் ஊரில் ஒரு பொட்டு மழையில்லை. கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம். குமுளி போய்க் கடை கடையாக அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தார் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா குரல் சொன்னது. “அங்ஙனெ ஒராள் இவிடெ இல்லா” என்று ஒரு டீக்கடைக்காரர் சொல்லிவிட்டாராம். இல்லாத ஆளை எங்கே போய்த் தேடுவார்? ஆனால் அவருக்கு அப்படித் தோன்றவில்லை. மறைக்கிறார்கள் என்று தோன்றியது. நானும் தம்பியும் அந்தச் சிப்ஸைப் பங்கு வைத்துத் தின்றோம். நான் தின்றேன். தேங்காயெண்ணெய் வாசமும் உப்பும் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. அதற்கப்புறம் அதை நான் வாயில் வைத்ததில்லை.

சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா. வருஷா வருஷம் போவதுதான். அந்த வருஷம் பெரியய்யா முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். தீச்சட்டி எடுத்து வருகிற பெண்கள், ஆயிரங்கண் பானை தலையில் வைத்தவர்கள், வேப்பிலை மிதிபட்ட வாசனை, ஈரச்சேலை. பெரியம்மா அக்கா, நான், தம்பி மூன்று பேரையும் ராட்டினத்தில் ஏற்றிவிட்டாள். கேட்காமலே ராட்டினம் ஏற்றிவிட்டது அதுதான் முதல் தடவை. மேலே போனபோது கீழே கோயில் பக்கம் எங்கள் ஆட்கள் வட்டமாக நிற்பது தெரிந்தது. நடுவில் அம்மாவின் மாம்பழக்கலர்ச் சேலை. கீழே இறங்கினால் கூட்டம் மறைத்துக்கொண்டது. மறுபடி மேலே போனபோது அவள் வலது கையை நீட்டியிருந்தாள். அதற்கடுத்த சுற்றில் கையை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள் என்று அக்கா சொன்னாள். அந்தப் பேருள்ள ஆளை எனக்குத் தெரியாது என்று அம்மா அடித்து அணைத்துவிட்டாள். தெரியாதுதானே. கௌமாரி முன்னால் அவள் சொன்னது அப்பட்டமான நிஜம். திரும்பிவரும் பஸ்ஸில் பெரியய்யாவே அவளுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். பெரியம்மா உள்ளங்கையில் ஊதிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து அய்யா அன்றைக்கு எல்லாருக்கும் சர்பத் வாங்கித் தந்தார்.

என் சர்பத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். நாலாவது அட்டையை நான் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அது இன்னும் வாசிக்கப்படவில்லை.

அந்த வாரம் முழுக்க எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று தெரியாது. தபால் வண்டி ஆற்றில் விழ வேண்டும் என்று வேண்டினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அய்யா பக்கத்தில் போய் நின்றேன். “என்ன புள்ள?” என்றார். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றுவிட்டுத் திரும்பினேன். பெரியய்யா வீட்டு நிலைக்கு மேலே பிள்ளைகளை அடிக்க ஒரு புளியம் விளார் செருகியிருக்கும். என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தயங்கிக்கொண்டே இருந்தாள். அய்யாதான், “வைய்யி, என்ன இப்ப” என்றார். சத்தியம் பண்ணினவளிடம் பழையபடி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரியய்யாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சைக் கண் விரிந்தது. மூன்று பாட்டு போயிற்று. நாலாவது பாட்டுக்கு அறிவிப்பாளர் எங்கள் ஊர்ப்பேரைச் சொன்னார், அம்மா பேரைச் சொன்னார். அப்புறம், அதே இனிமையான குரலில், குமுளியிலிருந்து.

பெரியய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஆத்தா முன்னால பொய்ச் சத்தியம் பண்ணிட்டாக” என்று அய்யாவைப் பார்த்துச் சொன்னார். “இனி இது இங்கன இருக்கக் கூடாது.”

அம்மாவை அதுவரை ஒருமையில் கூப்பிட்ட மனிதர், அன்றைக்கு அந்நியம்போல மரியாதை போட்டுப் பேசினார். அம்மா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் அப்போதுதான் காய்ந்து வந்துகொண்டிருந்தது. அய்யா ஒயர் உறையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ரேடியோவைச் சூட்டோடு தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். ஆறு வீடு தள்ளிக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். விவசாயச் செய்தியும் மாநிலச் செய்தியும் சுவர் வழியாக வரும். பாட்டு ஆரம்பிக்கிற இசை கேட்டதும் டக்கென்று அணைத்துவிடுவார்கள். அம்மா இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருப்பாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் குழம்பு ஒருநாளும் அடிப்பிடிக்கவில்லை.

அய்யா அவளை அடிக்கவில்லை, தள்ளிவைக்கவில்லை. சாப்பிட்டார், வயலுக்குப் போனார், எனக்கும் தம்பிக்கும் கல்யாணம் பண்ணினார். முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, கடைசிவரை அவளிடம் எந்தப் பாட்டைப் பற்றியும் கேட்காமல் போய்ச் சேர்ந்தார். அந்த ஒயர் உறையில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். பச்சைக் கண்ணுக்காக விட்ட ஓட்டை வழியாகச் சின்ன வெங்காயம் உருண்டு விழும்.

இடையில் ஒன்று. என் கல்யாணம் முடிந்த புதிதில் எல்லாரும் தேக்கடி போனோம். குமுளி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மா நகரவில்லை. கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றாள். மிளகுக் கடை, ஏலக்காய்க் கடை, கடைக்காரர் பேர். படகுக்கு நேரமாகிறது என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். வாசிப்பு மறந்துவிடாமல் பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். படித்து வேலைக்குப் போன மகள் இல்லையா நான், எல்லாம் எனக்குத்தான் தெரியும்.

அய்யா போனபிறகு அவளை அல்லிநகரத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ரோஜாப்பூப் புத்திமதியைப் படித்துவிட்டு, பழைய பாட்டெல்லாம் ஏற்றின ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை என் மகள் வாங்கி வந்தாள். பொத்தானை அமுக்கினால் பாட்டு வரும், இரைச்சல் இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கொஞ்ச நேரம் கேட்டாள்.

“பேரு வாசிக்க மாட்டேங்குறானே” என்றாள்.

இரண்டு மூன்று நாளில் பழகிக்கொண்டாள். ஒரு மத்தியானம் நான் அவளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். குமுளிப் பேரோடு முதல் முதலில் வந்த அந்தப் பாட்டு வந்தது. அவள் தலையை அசைக்காமல் முழுசும் கேட்டாள். அப்புறம் பாட்டுக்குச் சொல்கிறமாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“அவுக இன்னும் இருக்காகளோ என்னமோ. என்னையவிட ரெண்டு மூணு வயசு மூத்தவுகளா இருப்பாக. அங்கன குளிருக்குள்ள உக்காந்து, ஞாயித்துக்கிழமையானா இதைக் கேட்டிருக்காக. நான் பட்டதெல்லாம் எனக்குப் பெருசாத் தெரியல ஆத்தா. யாரோ ஒருத்தருக்கு நம்ம மனசு தெரிஞ்சிருக்குல்ல.”

சொல்லும்போது அவள் முகம் புளி கரைத்த அன்றைக்கு இருந்தமாதிரி இருந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக அதை அவள் எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி களைந்தபோதும், குமுளியில் பலகை வாசித்தபோதும்.

மன்னிப்புக் கேட்க இதுதான் நேரம் என்று பட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், பஸ் பலகை, தபால் பெட்டி, நாலு அட்டை. சொல்லிமுடித்ததும் நெஞ்சு லேசானது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திட்டுவாள், அழுவாள், அடிக்கக்கூட அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப அங்கன யாருமே இல்லையா?”

“இல்லம்மா” என்றேன்.

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அந்தப் பெட்டியை அணைத்துவிடச் சொன்னாள். ஏழு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள், அதுவரை அதை வைக்கச் சொல்லவே இல்லை. நானாக வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் தலைவலிக்கிறது என்பாள்.

பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை, “இருப்பாகம்மா, நல்லா இருப்பாக” என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டியிருக்கலாம். பத்து வயதில் எனக்கு அது தெரிந்திருந்தது.